பொட்டலத்துக்கு யார் பொறுப்பு

பதினோரு வருஷமாகத் தலையில் சுமந்ததை வனிதா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து, ஒரே ஒரு பொத்தானை அழுத்தி இறக்கி வைத்தாள். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள், சிரித்தாள், படுத்தவுடன் தூங்கியும் போனாள். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அந்தச் சுமையின் பெயர் ‘பொட்டலம்’. பெரிய பெரிய கோப்புகளைச் சின்னதாக மடித்துக் கட்டி அனுப்பவும், போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழ்க்கவும் உதவுகிற நிரல். மலை ஊரான நாகலூரில் நெட் நொண்டி அடித்துக்கொண்டிருந்த காலத்தில், கல்லூரி முடித்த கையோடு, தன் வசதிக்காக அவள் எழுதியது. யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பிருந்தால் திருத்துங்கள் என்று சொல்லி இணையத்தில் வைத்தாள். எடுத்துக்கொண்டார்கள். வங்கி, ரயில் டிக்கெட், கைபேசி, ஆஸ்பத்திரி எந்திரம் என்று அது நுழையாத இடமே இல்லாமல் போயிற்று. பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத தேசங்களில்கூட அது இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் அதைப் பழுது பார்த்துப் பராமரிக்க இருந்தது ஒரே ஒருத்தி. காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் பாலகுமாரின் மனைவி வனிதா. அவள் முகத்தைப் பார்த்தவரோ குரலைக் கேட்டவரோ அந்த இணைய உலகத்தில் ஒருவரும் கிடையாது. கூச்சக்காரி. எல்லாமே எழுத்தில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா பொன்னாயிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போயின. செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸில் ஒண்டிக்கடை, அங்கே இறங்கி இன்னொரு பஸ், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம். நாலு மணி நேரம் அம்மாவின் ரத்தம் ஒரு எந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, வனிதாவும் கேட்கவில்லை.

முதல் நாள் அந்த எந்திரத்தை முடுக்கியபோது, திரையில் ஓடிய பொடி எழுத்துகளுக்கு நடுவே ‘பொட்டலம்’ என்ற பெயரைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் காட்டினாள்.

“நீ எழுதுனதா கண்ணு இதுக்குள்ள ஓடுது? அப்ப நொம்ப நல்லா ஓடும் போ,” என்றாள் பொன்னாயி. பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் சொல்லித் தீர்த்தாள்.

ஆனால் அம்மாவையும் பார்த்து, பொட்டலத்தையும் பார்க்க ஒரு உடம்பு போதவில்லை. புகார் வந்து குவிந்தது. ‘மூன்று வாரமாகப் பதில் இல்லையே, உயிரோடுதான் இருக்கிறீர்களா?’ என்று முகம் தெரியாதவன் ஒருவன் எழுதினான். சல்லிக் காசு கொடுக்காதவனுக்குத்தான் கோபம் அதிகம். கடைசியில் வனிதா பொதுவில் ஓர் அறிவிப்பு எழுதினாள்: ‘வீட்டு வேலை காரணமாக என்னால் முடியவில்லை. பொட்டலத்தைப் பராமரிக்கப் புது ஆள் தேவை.’ வீட்டு வேலை என்ன என்று அப்போதும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாருக்கும் எழுதவில்லை.

ஏட்ரியன் என்பவன் முன்வந்தான். புதியவன் அல்ல. இரண்டு வருஷமாகக் கேட்காமலே கைகொடுத்து வந்தவன். இவள் பஸ்ஸில் இருக்கும்போது அவன் பிழையைத் திருத்தி அனுப்பியிருப்பான். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி நாற்காலியில் அவள் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது அவனிடமிருந்து நாற்பது கோப்புகள் வந்தன. நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்கானவை, படித்தால் ஒன்றும் புரியாத வெறும் எண்கள். மூன்றைத் திறந்து பார்த்தாள். நாற்பதையும் ஏற்றுக்கொண்டாள். அந்த ஆள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

எஸ்டேட்டில் புது ஆள் எடுக்க ஒரு வழக்கம் உண்டு. வந்தவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி, லைன் வீடு என்கிற வரிசைக் குடியிருப்பில் இருக்கிற தொழிலாளி ஒருவர் முன்னால் வந்து, ‘இவனுக்கு நான் பொறுப்புங்க’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த வனிதாவுக்கு வேறு முறை தெரியாது. ஏட்ரியனுக்கு யார் பொறுப்பு என்று பொதுவில் கேட்டாள். மார்த்தா, டொமினிக், யூன் என்று மூன்று பேர் வரிசையாக வந்து, நாங்கள் பொறுப்பு என்றார்கள். மூவருமே இரண்டு வருஷமாகப் பொட்டலத்துக்குத் திருத்தம் எழுதிக்கொண்டிருப்பவர்கள்தான். அது போதும் என்று நினைத்தாள். எஸ்டேட்டில் பொறுப்புச் சொன்னவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டலாம். இந்த மூன்று பேருடைய கதவு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழு உரிமையையும் ஏட்ரியனுக்குக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பாலகுமார் சாப்பிட வந்தான். வனிதா கணினியில் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். யார் யார் எந்தெந்த நாளில் உதவினார்கள் என்று தேதிவாரியாக ஒரு பட்டியல் திரையில் கிடந்தது. குழம்பு ஊற்றிய தட்டோடு பாலகுமார் அதைக் குனிந்து பார்த்தான். அவனுக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பதினாலு வருஷமாகக் காலையும் மாலையும் ஆள் கணக்கெடுத்து வருகைப் பதிவேடு எழுதுகிறவன்.

“இந்த நாலு பேரு ஆரு?”

“ஏட்ரியன்னு சொன்னனில்லீங்க, அவருதான் மொதல்ல இருக்கறது. மத்த மூணு பேரும் அவருக்குப் பொறுப்பு சொன்னவங்க.”

“இவிங்களுக்குக் காச்சலே வராதா?”

“என்னங்க சொல்றீங்க?”

“ரண்டு வருசத்துல ஒருத்தருக்குக்கூடக் காச்சல் வரல, எழவு உழுகல, நோம்பி திருவிழா இல்ல. வந்தா நாலு பேரும் வாராங்க, நின்னா நாலு பேரும் நிக்கறாங்க. இந்தா பாரு, மார்ச்சுல ஒம்பது நாளு ஆளைக் காணோம். நாலு பேருக்கும் அதே ஒம்பது நாளு.”

வனிதா திரையைப் பார்த்தாள். ஒன்பது நாள். நாலு பேருக்கும். இத்தனை நாளாக அது அவள் கண்முன்னால்தான் இருந்தது.

பாலகுமார் தட்டைக் கீழே வைத்தான். “நான் வேலைக்குச் சேர்ந்தப்ப, எனக்கு முன்னால இருந்த ரைட்டரு பதிவேட்டுல அஞ்சு பேரு எழுதி வெச்சிருந்தாரு. சேர்வராயன் கோயல் நோம்பி அன்னிக்குக்கூட அந்த அஞ்சு பேரும் காட்டுல வேலை செஞ்சதா இருந்துச்சு. மலையே கோயல்ல கெடக்குது, இவிங்க மட்டும் எப்படி வந்தாங்கன்னு பார்த்தா, ஆளே கெடையாது. வெறும் பேரு. உன்ற மூணு பேரும் அப்படித்தான் வனிதா. பேரு நாலு, கை ஒண்ணு.”

வனிதா எழுதிக்கொண்டிருந்த நன்றிக் கடிதத்தை மூடினாள். கொடுத்த உரிமையைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று அவசர அவசரமாகப் பொட்டலத்தின் பக்கத்தைத் திறந்தாள். உள்ளே விடவில்லை. அவளுடைய அனுமதி நீக்கப்பட்டிருந்தது. பதினோரு வருஷம் அவள் கட்டிக் காத்த இடத்தில் அவள் இப்போது வேடிக்கை பார்க்க வந்தவள். அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ‘பொட்டலம் 5.0’ என்று புதுப் பதிப்பும் வெளியாகியிருந்தது.

ஏட்ரியனிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக: ‘நீண்ட காலம் உழைத்துவிட்டீர்கள். இனி இது எங்கள் கவலை. நாளைக்கு அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். மலைப்பாதையில் பனி இருக்கும்.’

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.

“இவனுக்கு எப்படித் தெரியும்?” என்றான் பாலகுமார். “ஆருகிட்டயாச்சும் எழுதுனியா?”

“சாமி சத்தியமா இல்லீங்க. அம்மான்ற வார்த்தையே நான் எழுதலீங்க.” உள்ளே கட்டிலில் பொன்னாயி இருமிக்கொண்டிருந்தாள்.

பொட்டலத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசுகிற பொது மன்றம் ஒன்று இருந்தது. அதில் வனிதா எல்லாவற்றையும் எழுதினாள். ‘ஏமாந்துவிட்டேன். புதுப் பதிப்பை யாரும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பொறுப்புச் சொன்ன மூன்று பேரும் ஆளே இல்லை.’ கூடவே அந்தத் தேதிப் பட்டியலையும் வைத்தாள்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. மார்த்தா வருத்தப்பட்டாள்: பாவம், வனிதா மனசு உடைந்து போயிருக்கிறார், சில மாதங்களாகவே கவனித்தோம். டொமினிக் எச்சரித்தான்: இது வனிதாவே அல்ல, அவருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள். யூன் ஆமாம் என்றான். ஏட்ரியனுக்குப் பொறுப்புச் சொன்ன மூன்று வாயும் அவள் மேல் திரும்பின. அதுகூடப் பரவாயில்லை. ஹெல்கா என்று ஒரு அம்மாள், உண்மையான ஆள், பல வருஷமாகப் பொட்டலத்தைப் பயன்படுத்துகிறவள், நல்ல மனசோடுதான் கேட்டாள்: ‘யாரை நம்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் வனிதா என்று, உங்களை நேரில் தெரிந்த ஒருவர் இங்கே பொறுப்பேற்பாரா?’

நாகலூர் பூராவும் பொறுப்பேற்கும். பஸ் கண்டக்டர் பொறுப்பேற்பார், பெட்டிக்கடை ராசாத்தி பொறுப்பேற்பாள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அந்த மன்றத்தில் பெயர் கிடையாது.

“நான் சொல்றேன்,” என்றான் பாலகுமார். கைபேசியில் தட்டுத்தடுமாறிப் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, ‘இவள் என் மனைவி, நான் பொறுப்பு’ என்று எழுதினான். இரண்டு நிமிஷத்தில் மன்ற நிர்வாகிகள் அதை நீக்கிவிட்டார்கள். இன்றைக்குத் தொடங்கிய கணக்கு, போலி ஆள் என்று காரணம் போட்டிருந்தது. உண்மையான சாட்சி ஒன்றே ஒன்று, அதுதான் போலி ஆகிப்போனது. அதோடு வனிதாவின் கணக்கையும் முடக்கினார்கள். பாலகுமாருக்கு வந்த கோபத்தில் கைபேசியைச் சுவரில் அடிக்கப் போனான். அவள்தான் பிடித்துத் தடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மலைப்பாதையில் பனி இருந்தது. பஸ்ஸில் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. வனிதாவின் மனசில் ஒரே எண்ணம்தான். எந்திரத்தில் அந்தப் புதுப் பதிப்பு மட்டும் வந்திருக்கக் கூடாது. வந்திருந்தால் அதில் அம்மாவைப் படுக்கவைக்க மாட்டேன். படுக்கவைக்காமலும் முடியாதே. வளைவுக்கு வளைவு இதையே மாற்றி மாற்றி நினைத்தாள்.

எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்டோ வாசலிலேயே நின்றிருந்தான். மூச்சு வாங்க அவனிடம் போனாள்.

“தம்பி, மெசின்ல புது சாப்ட்வேர் எதாச்சும் போட்டீங்களா? நேத்து, முந்தாநேத்து?”

“இல்லீங்கக்கா. கம்பெனி ஆளு அடுத்த மாசந்தான் வருவாங்க. பழசுதான் ஓடுது.”

“நெசமாவா?”

“வந்து பாருங்கக்கா.”

கிறிஸ்டோ எந்திரத்தை முடுக்கினான். திரையில் பொடி எழுத்துகள் ஓடின. பொட்டலம் 4.2. ஐந்து அல்ல. வனிதா பக்கத்திலிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அது அவள் எப்போதும் உட்காரும் நாற்காலி. கைப்பிடி கிழிந்து பஞ்சு தெரியும். இங்கேதான் அந்த வெள்ளிக்கிழமை தூங்கி வழிந்தாள். இங்கே உட்கார்ந்துதான் கைபேசியில் மூன்று கோப்பைத் திறந்து, நாற்பதையும் ஏற்றுக்கொண்டாள். அதற்கு மறுநாள் வெளியான பதிப்பு எது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 4.2. ஏட்ரியன் அல்ல, அவளே தன் கையால் வெளியிட்டது.

ஆக, அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அல்ல, அவள் திறக்காத அந்த முப்பத்தேழு கோப்புகளுக்குள் ஒளிந்து வந்தவன். ஒரு வருஷமாக இந்தப் பெட்டிக்குள் இருக்கிறான். அவள் கைபேசிக்குள்ளும் இருக்கிறான். அம்மாவைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

“கிறிஸ்டோ, வேற மெசின் இருக்குதுங்களா? வேற கம்பெனி?”

“பன்னண்டும் ஒரே கம்பெனிங்கக்கா. ஏனுங்க, என்ன ஆச்சு?”

அவள் என்ன என்று சொல்வாள்? சொன்னால் பன்னிரண்டு கட்டிலையும் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு பேரும் காலையிலேயே வந்து, கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். சொல்லாவிட்டால்? இத்தனை நாளும் ஒன்றும் நடக்கவில்லை. என்றைக்கு நடக்கும் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

“கண்ணு, நேரமாவுது. மூச்சு முட்டுது,” என்றாள் பொன்னாயி. “மெசினுக்கு என்ன? உன்றதுதான ஓடுது?”

“ஆமாம்மா,” என்றாள் வனிதா. “என்றதுதான் ஓடுது.”

நர்ஸ் புஷ்பலதா வழக்கமான படிவத்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் கொடுக்கிற அதே தாள்தான். அடியில், நோயாளிக்குப் பொறுப்பாளர் என்று ஒரு கோடு. இரண்டு வருஷமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவந்த அந்த வரியை வனிதா இன்றைக்கு முழுதாகப் படித்தாள். அம்மாவின் கையில் ஊசி ஏற்கெனவே ஏறியிருந்தது. வனிதா தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். எந்திரம் ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரமும் அவள் அந்தத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.