நான்கு திரைகளில் 2816

"இனிமேல் பழைய கணினிகளுக்கு இந்தப் புதிர்கள் வராது. மன்னிக்கவும்."

இதைத் தட்டி முடித்துவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் நம்போஸோ கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மலையடிவார ஊரான இம்பாலேயில் சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. ஒரு கைப்பேசி, இரண்டு மடிக்கணினிகள், பக்கத்தில் தொந்தி தள்ளிய ஒரு பழைய கணினி. நான்குக்கும் நான்கு வேறு இயங்குதளங்கள். பதினோரு வருஷத்தில் முப்பத்தெட்டு கட்டப் புதிர்கள் செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறாள். ஒரு புதிரை எழுதினால் மட்டும் போதாது, நான்குக்கும் தனித்தனியே அளவெடுத்துத் தைக்க வேண்டும். ஒன்றுக்குச் சரியாக இருக்கும் சட்டை இன்னொன்றுக்குக் கையைப் பிடிக்கும். வாரத்தில் ஐந்து நாள் தண்ணீர் அலுவலகம், ஆறாவது நாள் இது. ஏழாவது நாள் தேவாலயத்தில் பிரசங்கம் தொடங்கியதுமே தலை தொங்கிவிடுகிறது. கர்த்தர் அதை மன்னிப்பார் என்றுதான் நம்புகிறாள். பாதிரியார் மனைவி மன்னிப்பதாகத் தெரியவில்லை.

"அந்தக் கெழத்தை இன்னுமா அடக்கம் பண்ணல?" வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த கணவன் முகோயா கேட்டான்.

"அதுதான் பண்ணிட்டிருக்கேன்."

"ஜெபம் நான் சொல்றேன். மேஜை காலியானா இன்னிக்காவது மனுஷங்க மாதிரி உக்காந்து மலேவா மூங்கில்குருத்துக் கறி சாப்பிடலாம்."

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. புதிர்களின் உதவிப் பக்கத்தில் அவள் எண் இருக்கிறது. இந்தப் புதிருக்கு விடையே இல்லை என்று சண்டை போடத்தான் பெரும்பாலும் யாராவது கூப்பிடுவார்கள்.

"மேடம், நான் வாண்டேபா. சிரோங்கோ பள்ளிக்கூடத்துல எழுத்தர். உங்க புதிர்ல 2816னு எண் போட்டா எல்லாருக்கும் ஒரே கட்டப் பலகைதானே வரணும்?"

"ஆமா. ஒரு எண்ணுக்கு ஒரே பலகைதான். எந்தக் கணினியா இருந்தாலும்."

"எங்கண்ணன் கிடுடு கம்பாலால இருக்கான். அப்பாவோட காப்பித் தோட்டத்துல வரப்புத் தகராறு. ரெண்டு வருஷமா பேச்சு இல்ல. ஆனா தினம் காலையில ஒரு எண் மட்டும் அனுப்புவான். நானும் அதே பலகையைப் போட்டு எத்தனை நிமிஷம்னு அனுப்புவேன். அவன் நேரத்தை அவன் அனுப்புவான். அவ்வளவுதான் மேடம் எங்க உறவு."

"சரி."

"செவ்வாக்கிழமை 2816. நான் நாலு நிமிஷம்னு அனுப்பினேன். அவனுக்கு நாப்பது ஆச்சாம். ஒரு கேள்விக்குறி போட்டான். பலகையைப் படம் எடுத்து அனுப்பினேன். அது வேற பலகை. 'பொய்யா, வரப்புக் கல்லையும் இப்படித்தான் நகத்தினே'ன்னு எழுதினான். ரெண்டு வருஷத்துல அவன் எழுதின மொத வார்த்தை மேடம். அதுக்கப்புறம் எண்ணே வரல."

"நீங்க எதுல ஆடறீங்க?"

"பள்ளிக்கூடத்துப் பழைய கணினியில. தானமா வந்தது. அண்ணன் அவன் கைப்பேசியில ஆடுவான்."

அவள் நான்கிலும் 2816 என்று போட்டாள். மூன்றில் ஒரே பலகை. பழையதில் மட்டும் வேறு.

புதுப் பதிப்பை வெளியிடுவதற்கு முன்னால் நான்கு திரைகளையும் வரிசையாக வைத்து, விரலால் கட்டம் கட்டமாக ஒப்பிடுவது அவள் வழக்கம். போன மாதம் அலுப்பில் மூன்றோடு எழுந்துவிட்டாள். அதே அலுப்பில் இன்னொன்றும் செய்திருந்தாள். சம மதிப்புள்ள இரண்டு கட்டங்கள் வந்தால் எது முன்னால் நிற்பது என்று தானே எழுதி வைத்திருந்த பழைய விதியை எடுத்துவிட்டு, அந்தந்தக் கணினியின் இஷ்டத்துக்கு விட்டிருந்தாள். 2816இல் அப்படி இரண்டு வந்தன; மூன்று ஒரு விதமாகவும் பழையது இன்னொரு விதமாகவும் நிறுத்த, பலகையே மாறிவிட்டது.

"தப்பு என்னோடது. அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம் மேடம். நான் சொல்லிக் குடுத்துப் பேசறீங்கன்னு நெனப்பான்."

அடக்கம் தள்ளிப்போனது. பழைய விதியைத் திரும்ப எழுதக் கால் மணி நேரம்தான். அதை நான்குக்கும் பொருத்துவதற்குள் மதியம் தாண்டியது. நடுவில் மலையிலிருந்து மழை இறங்கி மின்சாரத்தைக் கொண்டுபோனது. மற்றவை தாக்குப்பிடித்தன, பழையது மட்டும் பொட்டென்று அணைந்தது. நம்போஸோ மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆண்டவரே, இரண்டு வளர்ந்த ஆண்கள், ஒரு கல், அதற்கு நான் ஏன் என்று கேட்டாள். முகோயா ஒரு தட்டோடு வந்தான். வைக்க இடம் தேடாமல், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன பாக்கறே? சாப்பிடு. என் கைதான் இன்னிக்கு மேஜை."

நான்கு மணிக்கு மின்சாரம் வந்தது. காலையில் தட்டிய வரியை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதினாள்: "போன மாதப் பதிப்பில், பழைய கணினிகளில் ஒரே எண்ணுக்கு வேறு பலகை வந்தது. தவறு என்னுடையது. விளையாடியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை." திருத்திய பதிப்போடு சேர்த்து அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். புதிரைத் திறக்கும் எல்லோருக்கும் இது முதலில் தெரியும். கம்பாலாவில் இருக்கும் ஒருவருக்கும்.

ஆறு மணிக்கு வாண்டேபாவின் செய்தி வந்தது. "பள்ளிக்கூடத்தைத் திறந்து புதுசை ஏத்திட்டேன் மேடம். இந்தத் தடவை எண்ணை நானே முதல்ல அனுப்பினேன். அதே 2816. பாத்துட்டான். ஒண்ணும் எழுதல."

நம்போஸோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்கு திரைகளிலும் அந்த எண்ணை மறுபடி போட்டாள். மூன்றில் பலகை உடனே வந்து நின்றது. பழையது உறுமியது. ஒரு வரி வரைந்தது, நின்றது, அடுத்த வரியைத் தொடங்கியது. அவள் விரலை முதல் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு, அது வந்து சேரக் காத்திருந்தாள்.