வாவியை வெட்டிய கத்தி

எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம் மட்டக்களப்பு வாவியில் பன்னிரண்டு முழ நீளத்துக்கு ஒரு வெட்டு விழுந்தது. இன்றுவரை அது மூடவில்லை. வெட்டியவன் நான். நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாய் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே கத்தி. அதனால் பலாக்காய் வெட்டிவிட்டு, பால் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசிய அதே கையோடு கத்தியை வாவியில் கழுவப் போனேன். பலாக்காய் வெட்டுகிற எவரும் முதலில் கையைத் துடைப்பார்கள். நான் துடைக்கவில்லை. வழுக்கிய கத்தி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து அந்த வெட்டைக் கடந்த மீன்கள் செதிலும் குடலும் நீங்கி வலைக்கு வந்தன. அந்த மீனெல்லாம் விற்பனைக்குச் சந்தைக்குப் போனது. முகாமுக்கு நிவாரணமாக வந்ததோ நாற்பது பூசணிக்காய், ஒவ்வொன்றும் கல். ஒன்றை வெட்டுக்குள் உருட்டிவிட்டுப் பார்த்தேன். முழுதாய்த் திரும்பி வந்தது. சமையலுக்குப் பொறுப்பான சீதேவிப்பிள்ளையக்கா எட்டு நாள் வெறும் சோறு போட்டார்.

"அக்கா, என்னில கோவமா?" என்று தினமும் கேட்டேன்.

"கத்தி எங்க?" என்பதே பதில்.

முதலில் நீளமான கத்தி வாங்கினேன். யாரை வெட்டப் போகிறாய் என்று சோதனைச்சாவடியில் கேட்டார்கள். பூசணிக்காயை என்றேன். கத்தியைப் பறித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தினார்கள். அடுத்தது மடக்குக் கத்தி; பாதிப் பூசணியில் மடங்கி என் விரலை நறுக்கியது.

ஒன்பதாம் நாள், சைக்கிளில் இரும்புச் சாமான் விற்கிற ஏறாவூர் மஜீட் காக்கா வந்தார். "வெட்டுற சாமானுக்கு மூட்டு என்னத்துக்கு மனே? இரும்பு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் போகணும். ஒரு சாண் நீளம் போதும், சாவடியிலயும் விடுவானுகள்." ஒவ்வொரு கத்தியாலும் வாவியைக் கீறிக் காட்டினார். பளபளத்த விலை கூடிய கத்தியின் கீறல் மூன்று எண்ணுமுன் மூடியது. லொறியின் வில்லுத் தகட்டில் அடித்துச் செய்த கறுத்த கத்தியின் கீறல் பத்து வரை நின்றது. விலை இருபத்தைந்து ரூபாய். "எண்ணெய் பூசி வை, கறள் பிடியா. கத்திக்குப் பூசு, கைக்குப் பூசாத."

அன்று மத்தியானம் அந்தச் சாண் கத்தி நாற்பதையும் பிளந்தது. எல்லாச் சோற்றுக் கோப்பையிலும் கறி விழ, யாரோ பள்ளிக்கூட மணியை அடித்தார்கள். வாவியின் வெட்டு அப்படியே கிடந்தது. தோணிகள் அதைச் சுற்றிப் போகப் பழகியிருந்தன. வரிசையில் கடைசி ஆள் நான்.

"அக்கா, கோவமா?"

"ஓம், எட்டு நாளும் கோவம்தான். இண்டைக்கு இல்ல. கோப்பையை நீட்டு."