தம்பிக்கு விட்ட கம்பிகள்

எங்கள் மொட்டை மாடியில் லுவான் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். டண் டண்ணென்று கேட்டது, கம்பிகளுக்குப் பக்கத்தில் போனதும் பொத் பொத்தென்று மாறியது. சோலார் பேனல் போடுவதற்கு முன் தளம் தாங்குமா என்று பார்க்க வந்தவன் அவன். கீழே என் அறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி இருக்கிறது. போன வாரம் கரண்ட் போய், பெட்டியிலிருந்த அத்தனை முட்டையையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். இன்னொரு தடவை புதைத்தால் என் பிழைப்பும் அதோடு போச்சு.

எங்கள் ஊர் ஃபியரில் எந்தத் தெருவில் நிமிர்ந்து பார்த்தாலும் வீடுகளின் உச்சியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் கட்டப்போகும் மாடி மகனுக்கு. அவன் இத்தாலியிலோ கிரீஸிலோ இருப்பான், வந்து கட்டுவான். எங்கள் கம்பிகள் தம்பி கெந்தியானுக்கு. மழை இறங்காமலிருக்க அப்பா ஒவ்வொன்றின் தலையிலும் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்திருந்தார். கண் படாமலிருக்க மூலைக் கம்பியில் ஒரு கரடி பொம்மை. கட்டாத மாடிக்கு எவன் கண் வைக்கப்போகிறானோ, தெரியவில்லை. கூடவே இருக்கும் மகளுக்கு ஒரு கம்பியும் கிடையாது.

"கம்பி வழியா தண்ணி இறங்கி உள்ள துருப்பிடிச்சிருக்கு மாமா," என்றான் லுவான். "அடியோட வெட்டிப் பூசணும். இல்லாட்டி நான் பேனல் ஏத்த மாட்டேன். பேனல விடுங்க, இப்படியே விட்டா ஒருநாள் தளமே அக்கா தலையில விழும்."

அப்பா காப்பிக் கோப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். "வெட்டிட்டா எம்பையன் எதுமேல கட்டுவான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெந்தியான் இத்தாலியிலேயே வீடு வாங்கிவிட்டான். ஆகஸ்டில் வந்தபோது முற்றத்தில் வைத்து என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் வாயாலேயே வரட்டும் என்று அவனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"கம்பிய வெட்டணுமாம். அப்பா உன்னத்தான் கேக்கறாரு. சொல்லு."

பின்னால் அவன் குழந்தைகள் இத்தாலிய மொழியில் சண்டை போடுவது கேட்டது. "எதுக்கு வெட்டணும்? அடுத்த கோடைக்கு வந்து ஆரம்பிச்சிடலாம்ப்பா," என்றான். அடப்பாவி.

அப்பா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏம்ப்பா, உன் புது வீட்டுக் கூரை எப்படி இருக்கு? ஒழுகலையே?"

அவன் மெதுவாக, "இல்லப்பா," என்றான்.

"நல்லது. பிள்ளைங்களப் பாரு."

நான் போனை வைத்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் உங்கிட்ட சொன்னப்போ நான் இங்க மேலதான் பாட்டில் மாத்திட்டிருந்தேன்."

"தெரிஞ்ச அப்புறமுமா ஒவ்வொரு மழைக்கும் ஏறினீங்க?"

அப்பா மூலைக்குப் போய்க் கரடியை அவிழ்த்து என் கையில் திணித்தார். "உன் பேனல் வந்ததும் அதுல கட்டு. ஊர்க் கண்ணு பொல்லாதது." ஈரக் கரடியிலிருந்து துருத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

லுவான் அறுக்கும் மெஷினைப் போட்டான். முதல் கம்பி சாய்ந்தது. அதன் பாட்டில் உருண்டு அப்பாவின் காலடியில் வந்து நின்றது. குனிந்து எடுத்தார். இதை எந்தக் கம்பியில் கவிழ்ப்பது என்று தேடுபவர்போல அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.