அரைஞாண் சாவி

"ஏ சாலா, வாயத் தொறந்து அழுதுடுடி, நெஞ்ச அடைச்சிக்கும்" என்று நாத்தனார் காசியம்மாள் தோளைப் பிடித்து உலுக்கினாள். சாலம்மாளின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. மணி பதினொன்றே கால். பாழாய்ப்போன முள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நடுக்கூடத்து பெஞ்சில் தனசேகரன் கிடந்தார். கள்ளக்குறிச்சியில் அரிசிக் கடை முதல் சைக்கிள் கடை வரை எல்லாருக்கும் வரிக் கணக்கு பார்த்துக் கொடுத்தவர். வரி ஆபீசில் நோட்டைக் காட்டிவிட்டுத் திரும்பும் கடைக்காரரை வாசலிலேயே நிறுத்தி, "சீல் வுழுந்துச்சா?" என்பார். விழுந்துச்சு என்று காதில் கேட்டால்தான் சோற்றில் கை வைப்பார். எத்தனை நாள் குழம்பு ஆறிப் போயிருக்கிறது! விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதாவது பெண்டாட்டி பேரைச் சொன்னாரா? ஊஹூம். "பாய் நோட்டு... இன்னிக்கு வாய்தா." அவ்வளவுதான். சாலம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்தப் பாய், பஷீர் அகமது, வாசலில் உட்கார்ந்திருந்தார். கச்சிராயபாளையத்தில் புளி மண்டி வைத்திருப்பவர். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள்; பஸ் கிடையாது. மரம் மரமாகத் தாண்டி நடந்தே வந்திருந்தார். வந்த பிறகுதான் சாவே தெரியும். ஒரு மணிக்குள் வரி ஆபீசில் கணக்கு நோட்டைக் காட்டாவிட்டால் அவர்களே இஷ்டத்துக்கு வரியைப் போட்டுவிடுவார்கள், மண்டியை இழுத்து மூட வேண்டியதுதான். ஆனாலும் மனுஷன் நோட்டைக் கேட்கவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

நோட்டு பீரோவுக்குள். பீரோ சாவி தனசேகரனின் அரைஞாண் கயிற்றில். கயிற்றைச் சுடுகாட்டில்தான் அறுப்பார்கள். பிணம் எடுப்பதோ மூன்று மணிக்கு.

சாலம்மாள் எழுந்தாள். நாலு கைகள் பிடித்து உட்கார வைத்தன. மறுபடி எழுந்தாள். "புருசன வுட்டுட்டு எப்பிடித் தவிக்கிறா பாரு" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

பன்னிரண்டு அடித்தது.

"அட, வுடுங்கடி!" உதறிக்கொண்டு போய், புருஷனின் வேட்டியை விலக்கி முடிச்சைப் பிடித்தாள். இடுப்பு சில்லிட்டிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தாள்.

சிவப்பு நோட்டோடு அவள் வாசலுக்கு வந்ததும் காசியம்மாள் குறுக்கே பாய்ந்தாள். "இன்னாடி பண்ற? பொணம் கெடக்க சொல்ல ஒரு சாமான் வெளிய போவக் கூடாது! குடும்பத்துக்கு ஆவாது!"

"இது நம்ம வூட்டுச் சாமான் இல்லிங்க. அவர நம்பிக் குடுத்தது."

பஷீர் கை நீட்டவில்லை. "வாணாம் அண்ணி. எனக்காக நீங்க பேச்சு வாங்காதீங்க."

"நேரமாவுது, ஓடுங்க பாய். அங்க இன்னா கேட்டாலும் நோட்டக் காட்டுங்க, வாயால எதுவும் ஒளறாதீங்க" என்று நோட்டை அவர் கையில் திணித்தாள். அதுவும் தனசேகரன் பேச்சுதான்.

இரண்டரைக்குக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட்டுவிட்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். சாலம்மாள் முறை வந்தது. பிடியில் அரிசி. கை விரியவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போடுடி. எவ்ளோ நேரம் நிப்ப?"

"இருங்க."

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்த பஷீர், பழக்கப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாடையைப் பார்த்து அவரே சொன்னார்:

"சீல் வுழுந்துச்சுண்ணே."

சாலம்மாள் குனிந்து அரிசியைப் போட்டாள்.