நாற்காலியிடம் கேட்ட மன்னிப்பு

பனி அள்ளும் இயந்திரம் ஒன்று காணாமற்போன குளிர்காலத்தில்தான் லிண்டன் தெருவின் வாசல்களுக்கெல்லாம் கண் முளைத்தது. இயந்திரத்தை எடுத்துப் போனவர் பாதிரியார் என்பதும், இரவல் கேட்டுவிட்டே எடுத்துப் போனார் என்பதும், கொடுத்தவர்தான் அதை மறந்துவிட்டார் என்பதும் பிற்பாடு தெரிய வந்தன. அதற்குள் டுவேன் ஹெக்லண்ட் கேமரா வைத்த அழைப்பு மணிகளை மொத்தமாக வாங்கி வந்து, தம் கையாலேயே வீடு வீடாகத் திருகிப் பொருத்திவிட்டிருந்தார்.

வாசலில் நடமாட்டம் தெரிந்தால் மணி அதைப் படம் பிடிக்கும். பேச்சையும் சேர்த்துப் பதியும். வந்தது ஆளா, பொட்டலமா, விலங்கா என்று தானே ஊகித்து அறிவிக்கும். பதிந்ததை முதலில் வீட்டுக்காரரின் கைபேசிக்கு அனுப்பும். அவர் உடனே அழிக்காவிட்டால், தெருவாசிகள் எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் அது தானாகவே ஏறிவிடும். இந்த ஏற்பாட்டுக்கு டுவேன் வைத்த பெயர் ஒற்றுமை. எவரும் மறுக்கவில்லை. அமெரிக்காவின் நடுவிலிருக்கும் அயோவா மாநிலத்துக்காரர்களுக்கு முகத்துக்கு நேரே மறுப்பது ஏறத்தாழ ஒரு வன்முறை. ஆகவே யார் வீட்டுக்கு எந்தக் கடையிலிருந்து பொட்டலம் வந்தது, யார் சமைக்கச் சோம்பி மறுபடியும் பீட்சா வரவழைத்தார்கள் என்பவையெல்லாம் வசந்தம் பிறப்பதற்குள் தெருவின் பொதுச் சொத்தாயின.

இந்த நிலைமையால் உண்மையிலேயே தவித்துப்போனவர் லோவெல் டோஸ்ட்ருட் ஒருவர்தான். பள்ளியில் வாத்தியக் குழுவுக்கு ஆசிரியர்; ஞாயிறுகளில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர்; ஐம்பதைத் தாண்டிய, கூச்சமே உருவான மனிதர். டுவேனின் தங்கை மார்லிஸ் மணவிலக்குப் பெற்று இந்தத் தெருவுக்குத் திரும்பிய நாளிலிருந்து, ஒவ்வொரு மே முதல் தேதியும் அவள் கதவில் ஒரு காகிதக் கூடை தொங்கும். உள்ளே ஊதாப் பூக்கள், சோளப்பொரி, கொஞ்சம் மிட்டாய். கூடையை மாட்டிவிட்டுக் கதவைத் தட்டி ஓடிவிட வேண்டும். வீட்டிலிருப்பவர் துரத்திப் பிடித்துவிட்டால் ஒரு முத்தம் கடன். இதுதான் ஊர் வழக்கம். லோவெல் ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை. கதவு திறந்துவிடுமோ என்ற பயமும், திறக்காமலே போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்து அந்தக் கால்களுக்கு வேகம் கொடுத்தன.

தம் மனத்தில் இருப்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதானால் அவரே சொல்ல வேண்டும், மார்லிஸிடம் மட்டுமே சொல்ல வேண்டும். ஒரு மணி அதை முந்திக்கொண்டு பொதுப் பக்கத்தில் சொல்லிவிட்டால், சனிக்கிழமை காலை உணவகத்தில் அது பரிமாறப்படும். ஊரே பார்த்திருக்க மார்லிஸ் ஆமென்றோ இல்லையென்றோ பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். தமக்கு என்றால்கூடப் போகட்டும், அவளை அந்த நிலையில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. கூடையை நிறுத்திவிடவும் மனம் வரவில்லை.

மே மாதம் நெருங்கியதும், வாசலில் மணியின் பார்வை எட்டாத இடம் எது என்று டுவேனிடமே சுற்றிவளைத்து விசாரித்தார். டுவேன் பெருமிதத்தோடு, அப்படி ஓர் இடமே கிடையாது என்று கோணங்களோடு விளக்கினார். ஆக, உடல் தெரிந்தே தீரும். முகம் தெரியாமல் இருந்தால் போதும் என்ற முடிவுக்கு லோவெல் வந்தார். உச்சி முதல் பாதம் வரை ஆளை மறைக்கும் உடை அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பள்ளிக் கால்பந்து அணிக்காக மைதானத்தில் ஆடும் ராட்சத மக்காச்சோளக் கதிர். அது வாத்திய அறையின் அலமாரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியாக, மே முதல் நாள் அந்தி மயங்கும் வேளையில், ஆளுயரச் சோளக்கதிர் ஒன்று கையில் பூக்கூடையுடன் லிண்டன் தெருவில் ஓடியது. முதல் வீட்டு மணி அதைப் பொட்டலம் என்று அறிவித்தது. அடுத்தது விலங்கு என்றது. மார்லிஸின் வாசல்வரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. கூடையை மாட்டினார், தட்டினார், திரும்பினார். சோளக்கதிரின் அகன்ற இடுப்பு அங்கிருந்த மர நாற்காலியில் மோதி அதைச் சாய்த்தது.

"அடடா, மன்னிச்சுக்கங்க," என்றார் லோவெல், நாற்காலியிடம்.

அதைத் தூக்கி நேராக வைத்துவிட்டு ஓடினார். இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்பது அந்த மண்ணின் அனிச்சைச் செயல்; இடிபட்டது ஆளா மரமா என்று பார்த்துக் கேட்பதில்லை. தெரு முனைக்கு வந்த பிறகுதான் மணிக்குக் காதும் உண்டு என்பது அவருக்கு நினைவு வந்தது. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்கும் குரல் அது. டுவேன் ஒருமுறை கேட்டால் போதும்.

மறுநாள் காலை பொதுப் பக்கத்தில் சோளக்கதிர் எல்லா வாசல்களையும் கடந்து ஓடியது, ஒரு வாசலைத் தவிர. டுவேன் நேராகத் தங்கையின் வீட்டுக்குப் போனார். மார்லிஸ் கதவைப் பாதி திறந்து நின்றாள். அவளுடைய மணி பதிந்தது எங்கே என்று கேட்டார். அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

"ஏன் அழிச்சே? உன் வாசல்லதான் அவன் நின்னிருக்கான். பேசியிருந்தா குரல்கூடக் கிடைச்சிருக்கும்."

"என் வாசல்ல நின்னவங்க எங்கிட்ட வந்தவங்க, டுவேன். உங்கிட்ட வரல."

"மறைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லேன்னா காட்டுறதுக்கு என்ன?"

"உன் குளியலறைக்குக் கதவு வச்சிருக்கியே, உள்ள உக்காந்து என்ன கொள்ளைக்கா திட்டம் போடுறே?"

டுவேன் பாதுகாப்பைப் பற்றி ஏதோ தொடங்கினார். பாதிரியாரைப் பிடிக்க வாங்கிய மணிதானே இது என்று மார்லிஸ் சாந்தமாகக் கேட்டுவிட்டு, பாதி திறந்திருந்த கதவை முழுதாகச் சாத்தினாள்.

அன்று சனிக்கிழமை. உணவகத்தில் டுவேன் கைபேசியை மேசை மேசையாகக் காட்டினார். சிரிப்பு அலை அலையாய் எழுந்தது. லோவெலின் தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது. உடை இருக்கும் அறையின் சாவி யாரிடம் என்று டுவேன் கேட்டார். அந்த அறையைப் பூட்டுவதே இல்லை என்று லோவெல் பதில் சொன்னார், அது உண்மையும்கூட.

"அவ மட்டும் அழிச்சுட்டா, லோவெல். கூடப் பிறந்தவன் கேக்குறேன், கதவைச் சாத்துறா. அப்படி என்ன கேட்டிருப்பா அதுல?"

லோவெலின் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது அதனிடமும் மெல்ல மன்னிப்புக் கேட்டார். நல்லவேளையாக, சிரிப்புச் சத்தத்தில் அது டுவேனின் காதில் விழவில்லை. அவள் கேட்டுவிட்டாள். யாரென்று தெரிந்தும் எவரிடமும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எண்ணியபடி அவர் வீடு வந்து சேர்ந்தார்.

மாலையில் அவருடைய கதவு தட்டப்பட்டது. லோவெல் திறந்தபோது வாசலில் ஆளில்லை. கதவில் காகிதக் கூடை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அழைப்பு மணியின் மேல் யாரோ சிவப்புக் கம்பளிக் கையுறை ஒன்றைக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள். புல்வெளியின் பாதியில் மார்லிஸ் ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டம் என்று அதைச் சொல்வது பெருந்தன்மை. தபால் வாங்கப் போகிறவர்கள்கூட அதைவிட வேகமாக நடப்பார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "வழக்கம் தெரியுமில்ல, லோவெல்? மணி பிடிச்சதெல்லாம் கணக்குல சேராது."

புல்வெளியில் நடந்தது எந்த மணியிலும் பதியவில்லை. லோவெலுடைய மணி மட்டும் தன் கடமையாகப் பதிந்ததைப் பொதுப் பக்கத்தில் ஏற்றியது. முதலிலிருந்து கடைசிவரை சிவப்புக் கம்பளி. பின்னணியில் கம்பளிக்குள் அமுங்கிப் புரியாமல் போன ஏதோ பேச்சு, அவசரமான காலடிகள், நாற்காலி ஒன்று உருண்டு விழும் சத்தம். இம்முறை யாரும் அதனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.