கோட்டுக்குக் கீழே பிரிக்யார்டு

எமில் ஹவ்லிக்கிடம் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் எங்கள் ஊரில் கிடையாது. முதலில் பழைய கார் விற்றார், பிறகு பழைய வீடு. இரண்டிலும் ஒரே வழிதான்: கொஞ்சம் முன்பணம், மாதத் தவணை, கடைசித் தவணை வரை பத்திரம் அவர் பெயரில். பேங்க் தன் வாசற்படியில்கூட ஏற்றாதவர்களுக்கெல்லாம் எமில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஒரு தவணை தவறினால் நாற்காலியை உருவினார். அதுவரை வீட்டுக்காரராக இருந்தவர் மறுநாள் வெறும் வாடகைக்காரர். நோட்டீஸ் வரும், பிறகு புதுப் பூட்டு.

அவருடைய மகன் நெல்சன் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் புள்ளியியல் நிபுணன். அந்த வருடம் ஓஹையோ முழுக்க பேங்க் கடன் கட்டாத வீடுகள் ஜப்தியாகிக்கொண்டிருந்தன. வாஷிங்டனிலிருந்து வந்த உதவிப் பணத்தை எந்தப் பகுதிக்குக் கொடுப்பது என்று பட்டியல் போடும் வேலை அவனுடையது. ரிக்ரஷன் செய்தான். அதாவது, வேலையிழந்தவர்கள் எத்தனை பேர், கடனுக்கு வட்டி எவ்வளவு, வீடுகளுக்கு என்ன வயது என்று பகுதிவாரியாகத் திரட்டி, இவையெல்லாம் ஏறினால் ஜப்தி எவ்வளவு ஏறும் என்று ஒரு கோடு இழுத்தான். பகுதிக்கு ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளும் நல்ல பிள்ளைகளாகக் கோட்டை ஒட்டி நின்றன. பிரிக்யார்டு என்ற பகுதி மட்டும் நிற்கவில்லை. வேலை இல்லாதவர்கள் அதிகம், வீடுகளோ படு கிழம், ஆனால் ஜப்தி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கோட்டுக்கு வெகு கீழே தனியாகக் கிடந்தது.

காரணம் நெல்சனுக்குத் தெரியும். பிரிக்யார்டில் பாதி வீடுகள் எமில் விற்றவை. எமில் ஒருவரை வெளியே தள்ளினால் கோர்ட் அதை ஜப்தி என்று எழுதாது. வாடகைக்காரரைக் காலி செய்ததாக எழுதும். நெல்சன் எண்ணியது ஜப்தியை மட்டும். இதை மேலதிகாரியிடம் சொன்னால், "உனக்கெப்படித் தெரியும்?" என்பார்; அப்பா பெயரைச் சொல்லியாக வேண்டும். அதனால் இந்தத் தொழிலில் கூச்சமில்லாமல் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். "விலகிய புள்ளி" என்று ஓர் அடிக்குறிப்பு போட்டுப் பிரிக்யார்டைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டான். கோடு முன்பைவிட அழகாகப் பொருந்தியது. மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பட்டியலை ஊராருக்குக் காட்டும் கூட்டம் சர்ச்சின் கீழ்த்தள அறையில் நடந்தது. மகன் பேசுவதைப் பார்க்க எமில் முன்வரிசையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் வெர்லீன் பின்னாலிருந்து எழுந்தாள். அவளுக்கு எமிலின் நோட்டீஸ் வந்திருந்தது.

"தம்பி, எங்க ஏரியாவைக் காணோமே?"

"பிரிக்யார்டு விலகிய புள்ளிங்க. கணக்குல சேர்க்கல."

"யாரு விலகினா? நான் அங்கயேதான் இருக்கேன், வெள்ளிக்கிழமை வரைக்கும்."

கூட்டம் சிரித்தது. எமிலுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா ஒளிக்கிற? நல்ல சேதிதானே! எங்கிட்ட வாங்கின ஒரு வீட்டையாவது பேங்க் தொட்டிருக்கா? அந்தப் புள்ளியைப் போட்டுக் காட்டுடா!"

"பேங்க் எங்க தொடுறது? நீங்க மிச்சம் வச்சாத்தானே?" என்றாள் வெர்லீன்.

நெல்சன் காதுமடல்கள் சிவக்கப் புள்ளியைத் திரையில் போட்டான். கூட்டத்தை நடத்திய கவுன்சிலர் டாலி கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு கீழ இருக்கே. அப்போ பிரிக்யார்டுக்கு உதவி வேணாம்னு எழுதிக்கலாமா?"

ஆமாம் என்று சொன்னால் நெல்சன் வீட்டுக்குப் போய்விடலாம்.

"இல்லைங்க. இந்தப் புள்ளி பொய். அங்க வீடு போகுது, ஜப்திங்கற பேருல போகல. தவணைல வித்துட்டுக் காலி பண்ண வைக்கிறாங்க."

"யாரு?"

அந்த அறையில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை அது. ஆனாலும் அவன் வாயால் சொல்லியாக வேண்டியிருந்தது.

"எங்கப்பா. தெரிஞ்சுதான் புள்ளியை எடுத்தேன்."

எமில் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார், ஏதோ மகன் வேடிக்கை பண்ணுவது போல. யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"எண் இருந்தா சேர்த்துடலாம். எத்தனை?" என்றார் டாலி.

நெல்சன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "அப்பா, போன வருஷம் எத்தனை வீடு?"

"அஞ்சாறு இருக்கும்."

"எங்க தெருவுலயே அஞ்சாறு, எமில்," என்றாள் வெர்லீன்.

"சரி, பத்துன்னு வச்சுக்க."

"இருபத்தஞ்சு!" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

"இருபத்தஞ்சா? அநியாயம். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம், பதினஞ்சு!" கார் வியாபாரம் முடிந்ததும் செய்வதுபோல எமில் கையை நீட்டினார்.

யாரும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அது அந்தரத்தில் நின்றது. எதற்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கையை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"முப்பத்தெட்டு," என்றார்.

அவ்வளவு உயரத்துக்கு எங்களில் யாரும் கேட்டிருக்கவில்லை.

நெல்சன் அந்த எண்ணைக் கணினியில் தட்டினான். பிரிக்யார்டு கோட்டைத் தாண்டி, மற்ற எல்லாப் புள்ளிகளையும் தாண்டி மேலே போய் நின்றது. டாலி பட்டியலில் முதல் பெயராக எழுதிக்கொண்டார். எமில் கோட்டுப் பொத்தானை மாட்டுகிறேன் என்று தலை குனிந்தவர் நிமிரவே இல்லை.

வெர்லீன் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "வெள்ளிக்கிழமை?"

"ரெண்டு மாசத் தவணை பாக்கி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "உதவிப் பணம் வரட்டும். அதுவரைக்கும் பூட்டுக்காரனை அனுப்ப மாட்டேன்."

"எழுதிக் குடுங்க."

கொடுத்தார்.

கூட்டம் கலைந்தது. போகிறவர்களில் நாலைந்து பேர் நெல்சனின் தோளைத் தட்டி, "பெத்த அப்பனையே சொல்லிட்டே, சபாஷ்," என்றார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவன் இன்னும் குறுகினான். கடைசியாக வெர்லீன் வந்தாள். தட்டவில்லை.

"தம்பி, இன்னிக்கு எனக்கு வேலை இருந்து நான் வராமப் போயிருந்தா?"

படியேறி அவள் போன பிறகும் நெல்சன் திரையிலிருந்த புள்ளியைப் பார்த்தபடி அங்கேயே நின்றான்.