ரெங்கசாமி கடை வெங்காயமும் மூன்றாம் பிரிவு மஞ்சளும்

1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை காலை, மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எரிந்து சாம்பலான ரெங்கசாமி கடையிலிருந்து லீலாவதி ஒரு பொட்டலம் வெங்காயம் வாங்கி வந்தாள். வெங்காயம் நன்றாகவே இருந்தது, சாம்பாரில் போட்டார்கள். சுற்றி வந்த செய்தித்தாளை விரித்துப் பார்த்த நாகமணி, அதில் 1971 என்று இருப்பதைக் கண்டு கணவன் உடையப்பனிடம் காட்டினாள். அவர் தேதியையும் விலையையும் பார்த்துவிட்டு, “ரெங்கசாமி செத்தே ஏழு வருசம் ஆச்சு லா. ஆனா இந்த விலைக்குக் கெடைக்கும்னா அவளையே தெனம் அனுப்பு” என்றார். இது எப்படி நடந்தது என்பது மட்டும் இருவருக்கும் விளங்கவில்லை.

லீலாவதி முசிறிக்காரி, நாகமணியின் சித்தி மகள். பேருந்துப் படியில் சறுக்கி நாகமணியின் கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுத்துவிட்டதால், ஆறு மாத அனுமதியில் உதவிக்கு வந்திருந்தாள். கடைக்கும் சந்தைக்கும் அவளே தனியாகப் போனாள். நாகமணி படுத்த இடத்திலிருந்து வழி சொன்னாள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள் வழி சொல்லும் முறை ஒன்று உண்டு. அவர்கள் இருப்பதை வைத்துச் சொல்வதில்லை, இருந்ததை வைத்துச் சொல்வார்கள். தூங்குமூஞ்சி மரத்தில் திரும்பு என்றால், அந்த மரத்தை வெட்டிப் பத்து ஆண்டு ஆகியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் இல்லாததை மனத்துக்குள் கழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். லீலாவதிக்குக் கழிக்கத் தெரியாது. மரத்தில் திரும்பச் சொன்னார்கள், மரம் நின்றது, திரும்பினாள். அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு மாதங்களில் அவள் ஊரைச் சுற்றாத நாளில்லை. பாலம் வந்ததும் நின்றுபோன படகில் ஏறி, அக்கரையில் உள்ள கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், மீன் வாங்கினாள். இடித்துத் தள்ளிய காப்பிக் கடையில் உட்கார்ந்து, பீங்கான் கோப்பையில் காப்பி குடித்தாள். இந்த ஊரில் எல்லாரும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள் என்று முசிறிக்குக் கடிதம் எழுதினாள். நாகமணியும் உடையப்பனும் கவனித்து விதிகளைக் கண்டுபிடித்தார்கள். வழி சொல்பவர் அந்த இடத்தை அறிந்திருக்க வேண்டும். போகிறவருக்கு அது அழிந்துபோனது தெரிந்திருக்கக் கூடாது. அடுத்த வீட்டுத் தங்கமணி ஒருநாள் வாய் தவறி, “அந்தப் படக்கொட்டாயையா கேக்குற? அத ஒடைச்சுட்டாங்களே” என்று சொல்லிவிட்டாள். மறுநாள் லீலாவதி போனபோது அங்கே கார்கள்தான் நின்றன. அன்று மாலையே நாகமணி தங்கமணியை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். தெரு முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டது.

மூன்றாவது விதியைக் குடை காட்டியது. லீலாவதி ஊரிலிருந்து கொண்டுவந்த குடையை ரெங்கசாமி கடையில் மறந்து வைத்துவிட்டாள். கைப்பிடியில் ‘லீ’ என்று சூட்டுக்கோலால் எழுதிய குடை. கடை இருந்த இடத்தில் இப்போதுள்ள மோட்டார் பட்டறையின் பின்பக்கத்தை உடையப்பன் கிளறினார். துருப்பிடித்த கம்பிகளும் பாதி கருகிய கைப்பிடியும் கிடைத்தன. கருகாத பாதியில் எழுத்து அப்படியே இருந்தது. ஆக, அங்கிருந்து கொண்டுவருவது புதிதாகவே வரும். அங்கே விட்டுவருவது, தீ உட்பட நடுவில் நடந்த எல்லாவற்றையும் பட்டுத்தான் நம்மிடம் வரும்.

நாகமணி அன்று சாப்பிடவில்லை. ஆற்றுக்கு வடக்கே இருந்த தோட்டத்தின் மூன்றாம் பிரிவில், 1961இல், மூன்று வயதில் காய்ச்சலில் இறந்த மகள் திலகத்தைப் புதைத்திருந்தார்கள். 1969இல் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது இடுகாடும் போனது. பதினான்கு ஆண்டுகளாக நாகமணி மாசி மாதம் தவறாமல் அங்கே போய், ஒரே மாதிரி நிற்கும் மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு, விளக்கேற்றாமல் திரும்பி வந்தாள். எங்கே ஏற்றுவது என்று தெரியவில்லை.

லீலாவதியிடம் அவள் வழி சொன்னாள்: “பழைய ஸ்டோருக்குப் பின்னால ரப்பர் நெரை முடியிற எடத்துல ஒரு கொன்னை மரம். அதுக்குக் கீழதான்.” லீலாவதி காலையில் பேருந்து ஏறிப் போய், மாலையில் கையெல்லாம் புல் வாசத்தோடு வந்தாள். “கல்லு நல்லாத்தான் இருக்குக்கா. புல்லுதான் மண்டிக் கெடந்துச்சு, செதுக்கிட்டு வெளக்கு வச்சேன். பேருகூட அழகா எழுதியிருக்கு.” நாகமணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அடுத்த முறை நந்தியாவட்டைக் குச்சி ஒன்றைக் கொடுத்து, அது வளர்ந்து இடத்தைக் காட்டட்டும் என்று கல்லோரம் நடச் சொன்னார்கள். மறுநாள் உடையப்பன் செம்பனைத் தோட்டத்தில் நிரை நிரையாகத் தேடினார். ஒன்றும் இல்லை. லீலாவதியின் அனுமதி முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், “எதுவும் தங்காது” என்று அவர் சொன்னார்.

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று நாகமணி கேட்டாள்.

அவர் தாம் ஓட்டும் லோரியின் சாவியை மேசையில் வைத்தார். “அந்தப் பக்கம் புல்டோசர்ல மண்ணு தள்ளினது நான்தான், நாகு. வேல வாங்குற மண்டோர் சாவியக் குடுத்தான். முடியாதுன்னா லயத்து வீட்டக் காலி பண்ணணும்.”

பதினான்கு ஆண்டுகளில் அவர் இதைச் சொன்னதில்லை. நாகமணி அழவில்லை. “பிளேடு எவ்வளவு ஆழம் போச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

“ஓரடி. மரஞ்செடி எல்லாம் போயிடும். லயத்துக்குப் பின்னாலயும் தள்ளினேன். அங்க இருந்த மஞ்சள் மட்டும் ஒழியல. கெழங்கு மண்ணோட பொரண்டு, வேற எடத்துல மொளைச்சுது.”

மூன்றாம் நாள் நாகமணி எட்டு விரலி மஞ்சளைத் துணியில் கட்டிக் கொடுத்து, கல்லைச் சுற்றி ஊன்றச் சொன்னாள். காய்ந்த மஞ்சள் முளைக்காதென்று லீலாவதி சிரித்தாள். அவள் சொன்னது சரி. சந்தையிலிருந்து மண் ஒட்டிய பச்சைக் கிழங்காக வாங்கிப் போய் ஊன்றினாள். வரும் வாரம் முசிறிக்குப் போனதும் தன் வீட்டுக் கொல்லையிலும் ஊன்ற வேண்டும் என்றாள். ஊரில் எதுவும் அழிந்ததில்லை என்ற நம்பிக்கையோடு விமானம் ஏறினாள். இன்றுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடையப்பன் நாகமணியை லோரியில் ஏற்றிப் போனார். அவள் தடியூன்றி நடந்தாள். ஒன்பதாம் நிரையில், இரண்டு செம்பனைகளுக்கு நடுவே, நிழலில், இடுப்பளவு மஞ்சள் ஒரு பாய் அகலத்துக்கு அடர்ந்து நின்றது. நாகமணி அங்கேயே உட்காரப் போனாள். உடையப்பன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிளேடு மண்ணை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அன்று அவர் சாலையிலிருந்து வாய்க்காலை நோக்கி ஓட்டினார். ஒரு தள்ளுக்கு மண் ஆறடி நகரும். எனவே மஞ்சள் நிற்கும் இடத்திலிருந்து சாலைப் பக்கம் ஆறடி பின்வாங்க வேண்டும். அவர் அளந்தார், அவள் அங்கே விளக்கை வைத்தாள்.